கடன் வாங்கிய மருந்துகள்

மூளை அழற்சி என்றாலே கிருமிதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் வகையும் உண்டு. அதில் அதிகம் பேசப்படுவது என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி.

2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசெப் டால்மாவும் சக ஆய்வாளர்களும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள. மனநோய் மாதிரி ஆரம்பித்து, ஞாபகம் போய், நினைவு தப்பி, மூச்சும் தளர்ந்தது. நால்வருக்கும் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி. ஆன்டிபாடி தாக்குவது என்எம்டிஏ ஏற்பியை என்று 2007-ல் தெரிந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. இந்த ஆன்டிபாடி நரம்புச் செல்லைக் கொல்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுக்க வைக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிபாடி போனால் ஏற்பிகள் திரும்ப வரும். அதனால்தான் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தவர்கூட எழுந்து நடக்க முடிகிறது.

முதல் கட்ட சிகிச்சை: ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றுதல், கட்டி இருந்தால் அகற்றுதல். 2013-ல் வந்த பெரிய ஆய்வில் இப்படி சிகிச்சை பெற்ற 472 பேரில் 251 பேருக்குத்தான் நான்கு வாரத்துக்குள் முன்னேற்றம். மீதி 221 பேர்? இங்கேதான் கடன் வாங்கிய மருந்துகள் வருகின்றன.

ரிட்டுக்ஸிமாப், 1997-ல் லிம்போமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. சைக்ளோபாஸ்பமைடும் பழைய புற்றுநோய் மருந்துதான். அந்த 221 பேரில் இவற்றைப் பெற்ற 125 பேர், பெறாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

அதற்கும் மசியாவிட்டால்? ரிட்டுக்ஸிமாப் பி செல்களை அழிக்கும். ஆனால் அவற்றிலிருந்து உருவாகி, ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் அடையாளமே கிடையாது. எங்க பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடை அழித்தாச்சு, சர்வரில் ப்ராசஸ் இன்னும் ஓடுது. எனவே பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவுக்கு 2003-ல் வந்த போர்டெஸோமிப்பை ஜெர்மனியில் முயன்றார்கள். சியோலில் டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டுவாதத்துக்குப் பயன்படும் இது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 சமிக்ஞையைத் தடுக்கும். இரண்டு அறிக்கைகளும் 2016-ல் வந்தன. நோயாளிகள் எண்ணிக்கை சிறியது, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனையும் அல்ல. தொற்று அபாயமும் உண்டு. ஆகவே நம்பிக்கை தரும் தடயம் என்று சொல்லலாம், தீர்ப்பு என்று சொல்ல முடியாது.

அதே 2013 ஆய்வில், 24 மாதம் கண்காணிக்கப்பட்ட 252 பேரில் 203 பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். முன்னேற்றம் 18 மாதம் வரைகூடத் தொடர்ந்தது. ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு நாலு வாரம் ஒரு யுகம். ஆனால் இந்த நோயின் கணக்கில் அது தொடக்கம்தான். "இன்னும் அசைவே இல்லையே" என்பது கைவிடுவதற்கான காரணம் இல்லை; அடுத்த மருந்து என்ன என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம்.