புகை படிந்த கண்ணாடியும் சமையலறைக் காடியும்

1661ஆம் ஆண்டில் ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேய அறிஞர், லண்டன் மாநகரைக் கவிந்திருந்த நிலக்கரிப் புகையின் கொடுமையை விஸ்தாரமாக எடுத்துரைத்து, சுண்ணாம்புக் காளவாய்களையும் மது காய்ச்சும் சாலைகளையும் நகரத்துக்கு வெளியே அகற்றி, சுற்றிலும் நறுமணச் செடிகளை நட வேண்டுமென்று விண்ணப்பித்து, இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு ஒரு சிறு நூலைச் சமர்ப்பித்தார். மன்னர் நூலை மெச்சினார், புகையோ அகலவில்லை. அதன் பிறகும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அது அந்நகரத்தின் கூரைகளிலும் துணிமணிகளிலும் சுவாசப்பைகளிலும் படிந்துகொண்டே இருந்தது. ஆட்சியாளர் செய்யத் தவறிய சுத்திகரிப்பை, வாரந்தோறும் வாளியும் துணியும் ஏந்திச் செய்து வந்தவர்கள் வீட்டுப் பெண்களும் பணிப்பெண்களுமே. அவர்கள் ஜன்னல்களின் வெளிப்புறத்தைத் துடைப்பதற்காகச் சமையலறை அலமாரியிலிருந்தே கலந்துகொண்ட திரவங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அது அந்நகரத்துக் காற்றின் சரித்திரமுமாகும்.

கண்ணாடி ஜன்னல் ஒரு காலத்தில் செல்வத்தின் சின்னமாக இருந்தது. 1590களில் டார்பிஷயரில் எழும்பிய ஹார்ட்விக் மாளிகையின் பிரம்மாண்டமான ஜன்னல்கள், அதைக் கட்டுவித்த சீமாட்டியின் ஐசுவரியத்தை ஊரறியச் செய்வதற்கென்றே அமைந்தவை. செல்வம் தெரியுமிடத்தில் வரியும் வந்து சேரும் என்பதற்கேற்ப, 1696இல் மூன்றாம் வில்லியம் மன்னரின் ஆட்சியில், ஜன்னல்கள் மிகுந்த வீட்டுக்கு அதிகம் என்ற கணக்கில் ஜன்னல் வரி பிறந்தது. 1745இல் கண்ணாடியின் எடைக்கேற்பக் கலால் வரியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. வரிக்கு அஞ்சியவர்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் வாழ்ந்தார்கள். அவ்வாறு அடைக்கப்பட்ட ஜன்னல்களை இன்றும் அந்நாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களில் காணலாம்.

1845இல் கண்ணாடிக் கலால் வரியும், 1851இல் ஜன்னல் வரியும் ரத்தாயின. அதே 1851இல் ஹைட் பூங்காவில், ஸ்மெத்விக் நகரத்துச் சான்ஸ் சகோதரர்கள் செய்தளித்த சுமார் 3,00,000 கண்ணாடிப் பலகைகளைக் கொண்டு பளிங்கு மாளிகை எழுந்தது. ஊதிச் சுழற்றிய தட்டிலிருந்து சிறு சிறு துண்டுகளாக அறுத்தெடுக்கும் பழைய முறை தேய்ந்து, பெரிய பலகைகள் மலிவாகக் கிடைக்கலாயின. சாமானியக் குடும்பங்களின் வீடுகளிலும் வெளிச்சம் புகுந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தைத் தந்த கண்ணாடியின் மறுபக்கத்தில், அதே காலத்தில் பல்கிப் பெருகிய கணப்புகளும் ஆலைகளும் கக்கிய கரி வந்து படிந்தது. ஜன்னல் பெருகியதும் அழுக்குப் பெருகியதும் ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை.

அந்த அழுக்கு வெறும் தூசியாக இருந்திருந்தால் தண்ணீரே போதுமானதாக இருந்திருக்கும். நிலக்கரிப் புகையில் கரித்துகளோடு தார்ப்பசையும் கலந்திருப்பதால், அது கண்ணாடியில் எண்ணெய்ப் பூச்சைப் போல் ஒட்டிக்கொண்டு நீரை ஏற்க மறுக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் இடம் மாறுமேயன்றி நீங்காது. போதாக்குறைக்கு லண்டன் வட்டாரத்துத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீராகையால், கழுவிய நீர் உலர்ந்த இடத்திலெல்லாம் வெண்மையான திட்டுகள் தோன்றும். ஆகவே கரியை நீக்குவதற்கு ஒன்றும், கழுவிய நீரின் கறையை நீக்குவதற்கு மற்றொன்றுமாக இருவகை மருந்துகள் தேவைப்பட்டன.

சுண்ணாம்புத் திட்டுக்கு மருந்தாக அமைந்தது காடி. அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும் என்ற ரசாயன நியாயத்தை அறியாதவர்களும், அதன் பலனைக் கண்கூடாக அறிந்திருந்தார்கள். கரிப்பசைக்கு மருந்தாக வாய்த்தது அம்மோனியா. முற்காலத்தில் மான் கொம்பைக் காய்ச்சி வடித்துப் பெற்ற இந்தக் காரம், எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமாக மாற்றிக் கழுவச் செய்துவிட்டு, தான் சுவடின்றி ஆவியாகிவிடும் இயல்புடையது. 1812இல் லண்டனில் நிலக்கரி வாயு விளக்குகளுக்கென ஒரு கம்பெனி ஏற்பட்டு, அதைப் பின்பற்றி ஊர்தோறும் வாயுச் சாலைகள் தோன்றியபோது, கரியிலிருந்து வாயுவைப் பிரித்தெடுக்கையில் மிஞ்சிய நாற்றம் பிடித்த நீரிலிருந்தே அம்மோனியா ஏராளமாகக் கிடைக்கலாயிற்று. கண்ணாடியைக் கறுப்பாக்கியதும் நிலக்கரி. அக்கறுப்பைப் போக்கும் மருந்தை ஈன்றதும் நிலக்கரியே.

மூன்றாவது பதார்த்தம் சாராயம். பனிக்காலத்தில் வெறும் தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்துவிடுமாகையால், அதனுடன் சாராயத்தைக் கலப்பது சிறந்த உபாயமாகும். ஆனால் குடிக்கத் தக்க சாராயத்துக்குக் கனத்த வரி இருந்ததால், அதை ஜன்னலில் கொட்ட எந்தக் குடும்பமும் துணியாது. 1855இல், குடிக்க உதவாதபடி மர எரிசாராயம் கலந்த மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்ட பிறகே அது வீட்டு அலமாரிக்கு வந்தது. ஜன்னலை அடைக்கச் செய்ததும் வரிதான். ஜன்னலைத் துடைக்கும் திரவத்தை இன்னதென்று நிர்ணயித்ததும் வரிதான்.

இவை யாவற்றுக்கும் துணையாக நின்றது சீமைச்சுண்ணாம்புத் தூள். பணிப்பெண் முதலில் உலர்ந்த தூரிகையால் கரித்துகளைத் தட்டிவிடுவாள். இல்லையேல் ஈரம் பட்டதும் அது சேறாகிவிடும். பிறகு மெல்லிய துணியில் முடிந்த தூளைத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ தோய்த்துக் கண்ணாடி முழுவதும் ஒற்றி, வெண்மையான ஏடு படிந்து உலரும் வரையில் காத்திருப்பாள். அந்தத் தூள் பசையை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியைவிட மென்மையானதாகையால் கீறலும் விழாது. உலர்ந்த ஏட்டை மென்தோலால் தேய்த்தெடுத்து, மூலைகளில் தங்கியதைத் துணி சுற்றிய கூர்ங்குச்சியால் துருவி எடுப்பாள். சட்டத்தோடு கண்ணாடியைப் பிணைக்கும் மக்கும் இதே தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து செய்ததே. அம்மோனியா அந்த எண்ணெயையும் அரித்துவிடக் கூடியதென்பதால், சட்டத்தின் ஓரங்களில் அதை வழியவிடாமல் துடைப்பது தனிச் சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. வெயில் நேராகப் படும் நேரத்தில் இவ்வேலையைத் தொடங்குவதில்லை. துடைக்கும் முன்னரே திரவம் உலர்ந்து கோடு கோடாக நின்றுவிடும். காடியையும் அம்மோனியாவையும் ஒருசேரக் கலப்பதுமில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, இரண்டின் பலனும் கெட்டுவிடும்.

இந்த ஞானத்துக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. மேலும் கீழும் நகரும் ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்க, பணிப்பெண் விளிம்பின் மீது வெளிப்பக்கமாக அமர்ந்து, கதவைத் தன் தொடைகளின் மேல் இறக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு மேலே உடலின் பாதியைத் தொங்கவிட்டபடி வேலை செய்வாள். 1847இல் இங்கிலாந்தின் நகரங்களுக்கென இயற்றப்பட்ட காவல் சட்டமொன்று, நிலவறைத் தளத்து ஜன்னல் நீங்கலாக வேறெந்த ஜன்னலின் வெளிப்புறத்தையும் துடைப்பதற்காகப் பணியாளர் அதன் விளிம்பில் நிற்குமாறு ஏவுவதையோ, நிற்க அனுமதிப்பதையோ குற்றமென்று விதித்து, வீட்டுக்குரியவருக்கு அபராதம் வைத்தது. பிறர் வீட்டுக்குள் வெளிச்சம் வரவேண்டுமென்பதற்காக ஏழைப் பெண்கள் எத்தகைய ஆபத்துக்கு ஆளாகியிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சட்ட வாசகத்தைக் காட்டிலும் வலுவான சாட்சியம் வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேலை அலமாரியிலிருந்து கடைக்கு இடம் பெயர்ந்தது. 1933இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து டிராக்கெட் கம்பெனி விண்டெக்ஸ் என்ற திரவத்தை விற்கத் தொடங்கிற்று; அது எளிதில் தீப்பற்றக்கூடியதாக இருந்தமையால் தகர டப்பாக்களில் அடைத்தே விற்றார்கள். கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த இத்தாலியக் குடியேறி எட்டோரே ஸ்டெக்கோனே, பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர் விளிம்பு பொருத்திய இலேசான சாதனத்துக்கு 1936இல் காப்புரிமை பெற்றார். உயர்ந்த கட்டடங்களின் ஜன்னல்களைத் துடைப்பவர்கள் இன்றும் அந்த அமைப்பையே கையாளுகிறார்கள். லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் கவிந்த புகைமூட்டம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த பின்னர், 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. ஈவ்லின் வேண்டியதற்கு அரசு செவிசாய்க்க 295 ஆண்டுகள் ஆயின.

அழுக்கை அறிந்து மருந்தைத் தேர்வதே அந்தப் பழைய சம்பிரதாயத்தின் ஜீவன். புட்டியை வாங்குகிறவர்களுக்கு அந்த விவேகம் தேவைப்படுவதில்லை. அதனாலேயே எண்ணெய்க் கறைக்கும் உப்புக் கறைக்கும் ஒரே திரவத்தைப் பீய்ச்சிவிட்டு, கறை போகவில்லையென்று மேலும் பீய்ச்சுகிறோம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெறித்து வெண்திட்டுப் படிந்த ஜன்னலுக்கு, ஒரு பங்கு காடியுடன் நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் போதும். சாலைப் புகையின் பிசுக்குக்குச் சிறிது சவர்க்காரமோ ஸ்பிரிட்டோ கலந்த நீர் போதும். இவற்றை அந்தந்தக் கறைக்கென்று பிரித்தறிந்து வைத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் பதிவாகவில்லை. காப்புரிமையும் வியாபாரச் சின்னமும் இல்லாத அவர்களுடைய அறிவை, புத்தகத்தில் கற்ற ரசாயனத்துக்கு இணையாக மதிப்பதே நாம் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய நியாயமான நன்றியாகும்.