இந்திய வானொலியில் கச்சேரியும் மெல்லிசையும் (1924–1967)

இந்திய வானொலியின் முதல் நாற்பதாண்டு இசை வரலாற்றை ஒரு நீண்ட வழக்கு என்றே சொல்லலாம். ஒலிபரப்பு நேரத்தில் கச்சேரிக்கு எவ்வளவு, பொழுதுபோக்குக்கு எவ்வளவு என்பதுதான் வழக்கு.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924 மே மாதம் ரேடியோ கிளப் அமைந்தது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் அன்று மிகச் சிலர்; பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து மற்றவர்களையும் கேட்க வைத்தார்கள்.

ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் பிறந்தன. பாடகர்கள் நிலையத்துக்கு வந்து நேரடியாகப் பாடினார்கள். சபாவில் மூன்று நான்கு மணி நேரம் விரிந்த கச்சேரி இங்கே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. தலையாட்டவும் 'பலே' போடவும் எதிரே ஆளில்லை. ஆலாபனையை அளந்து பாட வேண்டியிருந்தது. மணி முடிந்தால் பல்லவியும் முடிய வேண்டும். ஆனால் டிக்கெட் வாங்க முடியாதவரும், சபாவே இல்லாத ஊர்க்காரரும் பெரிய வித்துவான்களைக் கேட்டது இதனால்தான். கறாரும் அப்போதே வந்துவிட்டது. கமகம் (சுர அசைவு) பேசாத வாத்தியம் என்று ஹார்மோனியத்தை 1940 மார்ச் 1 முதல் நிலையங்களில் விலக்கினார்கள். அந்தத் தடை தளர 1970களாயிற்று.

பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அவரே இசை பயின்றவர்; சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. 1952 ஜூலை 20 அன்று தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. கலைஞர்களைக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் முறை இறுகியது. சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். இதனால் படத் தயாரிப்பாளர்கள் பாடல்களின் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இடத்தை நிரப்ப நிலையங்களே மெல்லிசைப் பாடல்களை உருவாக்கின. அவற்றில் நல்ல பாடல்கள் உண்டு. ஆனால் ஆணையிட்டு ரசனையை வளர்க்க முடியவில்லை.

கேட்பவர்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோனிடம் போர்க்காலத்துச் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி இருந்தது. 1950 முதல் வர்த்தக ஒலிபரப்பும் நடந்தது. 1952 டிசம்பரில் அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இந்தியில் வந்தது. தமிழில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்கும் கலகலப்புக்கும் தமிழ்நாட்டிலேயே பெரும் ரசிகர் கூட்டம் சேர்ந்தது. இந்தியப் படப் பாட்டை இந்தியர்கள் இலங்கையிலிருந்து கேட்டார்கள்; விளம்பரக் காசும் அங்கேயே போனது.

கேஸ்கர் அமைச்சராக இருந்தபோதே அரசு இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3 அன்று, சினிமாப் பாட்டு, நாடகம், நகைச்சுவை எல்லாம் கலந்த 'விவித பாரதி' தொடங்கியது. கச்சேரிகள் வழக்கமான அலைவரிசைகளில் தொடர்ந்தன. 1967 நவம்பர் 1 முதல் பம்பாய், பூனா, நாக்பூர் விவித பாரதியில் விளம்பரமும் ஒலித்தது.