மாலையில் மட்டும் நின்ற கணினி

வீட்டில் வைத்தால் நின்று நின்று எழும். பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோனால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். மேசைக் கணினி தோட்டத்து வீடுகளுக்குள் நுழைந்த 1990களின் பிற்பாதியில் பழுது பார்ப்பவரைத் திணறடித்த கோளாறு இது. அன்றைய வழக்கமான வைத்தியம் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதற்கும் அடங்காவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவது. மலேசியாவின் கோல சிலாங்கூர், ஈஜோக், அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் இந்த மர்மங்களின் வேர் பெட்டிக்குள் இருந்ததைவிட, சுவருக்குள் ஓடிய கம்பியில்தான் அதிகம் இருந்தது என்பேன்.

அங்கே மின்சாரம் வந்த விதம் அப்படி. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது, இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்து மின்சாரம் முதலில் ஆலைக்கும் பங்களாவுக்கும்தான். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குக் கடைசியாகத்தான் போனது, பல இடங்களில் இரவில் சில மணி நேரமே எரிந்தது. தோட்ட வீடுகளுக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் முதலாளி தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் எழுதவேண்டியிருந்தது. இரண்டு விளக்குக்கும் ஒரு காற்றாடிக்கும் இழுத்த கம்பியில், மாலை ஏழு மணிக்கு வரிசை முழுவதும் சோற்றுப் பானையும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால், கடைசி வீட்டில் அழுத்தம் சரியும். விளக்கு மங்குவதற்குக் கண் பழகிக்கொள்ளும். கணினியின் பவர் சப்ளையோ, மின்சாரம் விட்டுப்போனால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் தாக்குப்பிடிக்கும். அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அதுவும் இல்லை. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்ததும் இதே கதைதான். பிளக்கின் நீண்ட முள்ளுக்கு நிலத்தொடர்பு இல்லாத வீட்டில், பவர் சப்ளை வாயிலில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வரும் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியைப் பெட்டியின் தகரத்தில் நிறுத்திவிடும். பாயும் மின்சாரம் சொற்பம். பெட்டி 'கெட்டுப்போச்சு' என்ற முடிவுக்கு வர அது போதும்.

அடுத்தது மின்னல். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்களில் இடி முழங்கும். டிஎம்நெட் இணையச் சேவை 1996இல் வந்தபின், இடிச் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிய வீடுகளிலும் மோடம் கருகியது. மின்னல் வந்தது செம்பனைக்கு நடுவே நீண்டு கிடந்த தொலைபேசிக் கம்பி வழியாக. அதைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

மட்டமான உதிரிப்பாகங்களே காரணம் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 1999 முதல் சில ஆண்டுகள் உலகமெங்கும் மதர்போர்டுகளில் மோசமான கெப்பாசிட்டர்கள் தலை புடைத்து, பழுப்புச் சாறு கக்கிச் செத்தன. பெயர்பெற்ற நிறுவனங்களும் தப்பவில்லை. ஆனால் சூடு பத்து டிகிரி ஏறினால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குளிரூட்டிய வங்கியில் நாலு வருஷம் ஓடும் பலகை, தகரக் கூரையின் கீழ் எத்தனை நாள் ஓடும்? வைரஸ் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல கணினிகளின் பயாஸையே அழித்து, வன்பொருள் செத்ததுபோல் காட்டியது மெய். அது தேதி பார்த்துத் தாக்கியது. சோறு வேகும் நேரம் பார்த்து அல்ல.

எனக்கு வலுவாகப் படும் ஆதாரம் பின்னால் வந்தது. மடிக்கணினி தன் பேட்டரியைத் தானே சுமந்து வந்ததும், அதே லயத்தில், அதே கம்பியில், மாலை நேரத்து மறுதொடக்கம் இல்லாமல் போனது. விண்டோஸ் அதேதான், உதிரிப்பாகங்களும் அப்படியொன்றும் உயர்ந்துவிடவில்லை.