கழிப்பதும் காப்பதும்

நூல்நிலையம் வளரும் உயிர் என்பது 1931-இல் எஸ். ஆர். இரங்கநாதன் வகுத்த ஐந்தாம் விதி. வளரும் உயிர் கழிவை அகற்றியே தீரும். பல்கலைக்கழக நூல்நிலையத்தில் பத்துப் பிரதியாகக் கிடக்கும் காலாவதியான பாடநூலில் ஒன்பதை நீக்கினால் நாம் குறைகூறோம். நமது கேள்வி வேறு: எது பயனற்றது என்று தீர்மானிப்பவர் யார்?

ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்ற உ. வே. சாமிநாதையர், கோயிலிலிருந்த பழுதான ஏடுகள் ஓமத்தீக்கு இரையான செய்தியைத்தான் பெற்றார். எரித்தவர்கள் தமிழின் பகைவர் அல்லர். கடமை ஆற்றியதாகவே நம்பியவர்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததோ வெறுப்பு. நோக்கம் எதுவாயினும் மிஞ்சியது சாம்பல்தான்.

இனி ருவான்வெல்லைக்கு வருவோம். 1936-இல் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய தொகுதி அது. சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளியின் வரலாற்றை எந்த நூல்நிலையம் வாங்கி அடுக்கியது? தோட்ட அலுவலகத்துச் செக்ரோலில் ஒரு பெயராக, சில நாட்கணக்காக, ஒரு சம்பளத் தொகையாக அது கிடந்தது.

1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் கதவைச் சிறிதே திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், ஏனையோர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. எழுத்தறியாத தொழிலாளி எதைக் காட்டுவான்? துரையின் அலுவலகத்துப் பேரேட்டைத்தானே! அதைக் கரையான் அரித்திருந்தால், அரிபட்டது தாள் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் நாடு.

2003-இன் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் உரிமை வழங்கியது. அங்கும் ஒரு தேதிதான் வாசலில் நின்றது. இதற்கிடையில் 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாறும்போதெல்லாம் புதியவருக்குப் பழைய தாள் பாரமாகவே தோன்றும்.

ஆகவே, கழிப்பதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இதற்கு வேறு பிரதி உண்டா? உண்டெனில் நீக்கலாம். இல்லையெனில், ஓரம் கருகியிருந்தாலும் பூச்சி அரித்திருந்தாலும் அதைக் காப்பதே அறிவுடைமை. பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆசிரியரும் மாணவரும் முன்வந்தால், லயத்து டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய சீட்டுகளும் அங்கு ஓர் அலமாரியைப் பெறலாம். உழைத்தவனின் பெயர் எழுதிய தாள் ஒருபோதும் காலாவதியாவதில்லை.