வேதம் வாய் திறவாத இடத்தில்

வேதம் கட்டளையிடாத, விலக்கவும் செய்யாத காரியங்களை லூத்தரிய இறையியலர் ‘அதியாஃபோரா’ என்றனர். குருவின் அங்கி, வழிபாட்டுச் சடங்கு போன்றவை அவ்வகையின. சூழலுக்கேற்ப அவற்றைத் தீர்மானிக்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு. ஆயினும், விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய நெருக்கடி வேளையில் அவற்றிலும் விட்டுக்கொடுத்தல் ஆகாது என 1577ஆம் ஆண்டு லூத்தரிய அறிக்கையின் பத்தாம் பிரிவு வரையறுத்தது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிமார் இந்தியச் சாதியை எதிர்கொண்டபோது வேதத்தில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆலயத்தில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். அது உலகியல் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

அந்தப் பொறுமையின் விலையை ராஜநாயக்கன் வரலாறு காட்டுகிறது. தஞ்சை மன்னரின் படைவீரராயிருந்து உபதேசியாரான அவர் பறையர். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். ராஜநாயக்கனின் தகுதியை ஐயுற்றவர் எவரும் இல்லை. அவர் கையால் நற்கருணை பெற மேற்சாதியார் உடன்படார் என்பதே தடை.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு திருச்சபையில் உடனே, அறுதியாக ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஷ்வார்ட்ஸின் மாணவரான வேதநாயக சாஸ்திரியார் 1829லேயே சாதி வழக்கத்துக்காக எழுதி வாதிட்டிருந்தார். மனச்சாட்சியை ஆணையால் வளைக்கலாமா என்பது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. ஆனால் கேட்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தோர்.

பின்னர் லைப்ஸிக் மிஷனின் கார்ல் கிரவுல் சாதியைக் குடிமை வழக்கமாகக் கருதி, கட்டாயத்தை எதிர்த்தார். 1577ஆம் ஆண்டு அறிக்கையின் முற்பகுதி அவருக்குத் துணைநின்றது. பிற்பகுதி நின்றிருக்குமா என்பது ஐயமே. பலவீனமான மனச்சாட்சியை இடறச் செய்யலாகாது என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலின் அறிவுரை. மிஷனரிமார் பலர் ‘பலவீனர்’ என எண்ணிப் பரிவு காட்டியது நற்கருணைக் கிண்ணத்தைப் பகிர மறுத்த வேளாளருக்கே. மறுக்கப்பட்டவரின் மனச்சாட்சி இடறியதா என விசாரித்தவர் அரிது.

ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.