பள்ளிப் பையும் துப்பாக்கியும்



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, அமெரிக்காவில் காலேஜ் மாணவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாமே! இங்கேயும் அப்படி இருந்தால் யாரும் நம்மை அடிக்க மாட்டார்கள் அல்லவா?"

சிறுவனின் கேள்விதான், ஆனால் சிரித்துத் தள்ளக்கூடியது அன்று. 2025 அக்டோபர் 14ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவில் 16 வயது மாணவி ஒருத்தி பள்ளிக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். 14 வயது மாணவன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அதன் பிறகு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் எந்தத் தாய்க்குத்தான் அச்சம் இராது? ஆயுதம் நம்மைக் காக்குமா என்ற கேள்விக்கு நமது பேரா மாநிலத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. இன்று அதைப் பார்ப்போம்.

1948 ஜூன் 16ஆம் நாள் காலை. சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தின் அலுவலகத்தில் மானேஜர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில், சில மைல் தொலைவிலிருந்த மற்றொரு தோட்டத்தில் மேலும் இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் துப்பாக்கிக்குக் குறைவே இல்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளிடம் துப்பாக்கி. வெளியே ராணுவத்திடமும் போலீசிடமும் துப்பாக்கி. துரையின் இடுப்பிலும் துப்பாக்கி. நடுவில் வெறுங்கையோடு நின்றவர்கள் பால்மரம் வெட்டிய நம் மக்கள். இரவில் வந்தவன் அரிசி கேட்டான். பகலில் வந்தவன், "அரிசி கொடுத்தது யார்?" என்று கேட்டான். லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. இவ்வளவு ஆயுதம் இருந்தும் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்றே நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உயர்ந்த பதவியில் இருந்தவர்களையும் துப்பாக்கி காக்கவில்லை. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குச் சென்ற பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி, ஆயுதம் ஏந்திய போலீசார் உடன் வந்தும், வழியில் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

துப்பாக்கி வைத்திருந்ததற்காகவே உயிரை இழந்த தமிழர் ஒருவரையும் நாம் மறக்கக் கூடாது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் பகுதியில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவர் அதை எதற்காக வைத்திருந்தார் என்பதில் இன்றும் இருவேறு கூற்றுகள் உண்டு. ஆனால் அவசரகாலச் சட்டத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். நேருவின் அரசு பரிந்து பேசியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்த அனுபவத்தின் சுவடு நம் நாட்டுச் சட்டத்தில் பதிந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971இல் வந்த சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1966 ஆகஸ்ட் 1ஆம் நாள் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களைச் சுட்டான். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 1 முதல், அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில், 21 வயது நிரம்பி உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுத்தது. இதற்கிடையே 2007 ஏப்ரல் 16இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைக் கொன்றான். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்த நம் தமிழ்ப் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

"அந்த வகுப்பில் ஒருவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்களே" என்பது ஒரு சாராரின் வாதம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அப்படிச் சொன்னால் நாம் குறை கூற முடியாது. ஆயினும் பலர் கையில் துப்பாக்கி இருந்தால், ஓடிவரும் போலீசார் கொலைகாரன் யார், காப்பவன் யார் என்று எப்படிக் கண்டறிவார்கள்? தேர்வில் தோற்ற நாளிலும், நண்பனோடு சண்டையிட்ட நாளிலும் அந்தத் துப்பாக்கி பையில்தானே இருக்கும்? வெர்ஜீனியாவில் சுட்டவனும் தன் துப்பாக்கிகளைக் கடையில் வாங்கியவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவன் ஒருவனின் பையில் பால்வெட்டுக் கத்தி ஒன்றைக் கண்டோம். தோட்டத்தை விட்டு வந்த பின்னும் தாத்தா பத்திரமாக வைத்திருந்த கத்தி அது. அதட்டியபோது வாய் திறக்காதவன், அருகில் உட்கார வைத்துக் கேட்டதும் அழுதுவிட்டான். பஸ் நிற்கும் இடத்தில் பெரிய பையன்கள் மறித்துப் பணம் பறித்தார்களாம். "பயமாக இருந்தது, ஐயா" என்றான். பெற்றோரை அழைத்துப் பேசினோம். இரண்டு தகப்பன்மார் முறை வைத்துப் பிள்ளைகளோடு நடந்து வந்தார்கள். மூன்றே வாரத்தில் மறித்தவர்களைக் காணோம். கத்தி தாத்தாவிடமே திரும்பிச் சென்றது.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்த பிறகு, பிள்ளைகளைச் சுற்றிக் குண்டர் கும்பல்களின் வலை விரிந்திருக்கிறது. "பாதுகாப்புக்கு வைத்துக்கொள்" என்றுதான் முதல் ஆயுதத்தைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு முன்பே பிள்ளையின் பயத்தைக் கேட்டறிவது நம் கடமை. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "பாடம் படித்தாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வழியில் யாராவது மிரட்டினார்களா?" என்றும் கேளுங்கள். பதில் வந்தால் மறுநாளே ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள்.

துப்பாக்கி வெடித்த எல்பில் தோட்டத்தின் பெயரில் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையின் பையில் புத்தகமும் சோற்று டப்பாவும் மட்டுமே இருக்கட்டும்.