காலேஜ் மாணவர்களின் 168 மணி நேரம் எங்கே போகிறது? அட்டெண்டன்ஸ் முதல் ஏஐ வரை... முழு விளக்கம்

"எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கான்" என்பது வீட்டில் இருப்பவர்களின் புகார். "படிக்க எங்கப்பா நேரம் இருக்கு?" என்பது பிள்ளைகளின் பதில். இதில் எது உண்மை? தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கும் ஒருவரின் ஒரு வாரத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்?

2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுப் பிரிவில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47%. இந்திய அளவில் இது 28.4% தான். அதாவது, வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதிக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். காலையில் வகுப்பு, மாலையில் துணிக்கடையிலோ, டெலிவரியிலோ, கேட்டரிங்கிலோ வேலை என்று ஓடுபவர்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

வாரத்தில் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

இப்போது பட்டப்படிப்பு கிரெடிட் கணக்கில்தான் ஓடுகிறது. தேசிய கிரெடிட் வரைமுறைப்படி, ஒரு ஆண்டுக்கு 40 கிரெடிட், 1,200 மணி நேரக் கற்றல். ஒரு செமஸ்டருக்கு 600 மணி நேரம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 40 மணி நேரம்.

இதில் வகுப்பு நேரம் வாரத்துக்கு 30 மணி. மீதி 10 மணி நேரம் நீங்களே உட்கார்ந்து படிப்பதற்கு.

அந்த 10 மணி நேரம் கிடைக்கிறதா?

வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். பார்ட் டைம் வேலைக்குப் போகும் ஒரு மாணவரின் உதாரணக் கணக்கு இது:

• தூக்கம்: தினம் 7 மணி வீதம் 49
• வகுப்பு: 30
• பஸ் பயணம்: 6 நாள், தினம் 2 மணி வீதம் 12
• வேலை: 6 நாள், தினம் 4 மணி வீதம் 24
• சாப்பாடு, குளியல், வீட்டு வேலை: தினம் 3 மணி வீதம் 21

மொத்தம் 136. மிச்சம் 32 மணி நேரம். தினமும் 3 மணி நேரம் போன் பார்த்தால் 21 போய், 11 மணி நேரம் மிஞ்சும். சமாளித்துவிடலாம். அதுவே 4 மணி நேரமானால் மிஞ்சுவது வெறும் 4 மணி நேரம்!

ஆக, வீட்டுப் புகாரிலும் உண்மை இருக்கிறது, பிள்ளைகளின் பதிலிலும் உண்மை இருக்கிறது. வேலைக்குப் போகாத மாணவருக்கு ஒரு மணி நேர ரீல்ஸ் பெரிய விஷயமில்லை. வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மொத்தப் படிப்பும்.

75% அட்டெண்டன்ஸ்: எத்தனை நாள் லீவ் போடலாம்?

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75% என்பது 68 நாள். அதாவது 22 நாள் வரை லீவ் போட முடியும்.

வேலைக்காக வாரம் ஒரு நாள் கட் அடித்தால் 15 வாரத்தில் 15 நாள். பிரச்னை இல்லை. வாரம் 2 நாள் என்றால் 30 நாள் போய்விடும், அட்டெண்டன்ஸ் 66 சொச்சம் சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

பல பல்கலைக்கழகங்களில் 65% முதல் 75% வரை இருப்பவர்கள், காரணம் சொல்லி, கட்டணமும் கட்டினால்தான் ஹால் டிக்கெட் கிடைக்கும். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது. துல்லியமான விதியை உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூடியூப், ஏஐ வைத்துப் படித்தால் போதாதா?

தேர்வுக்கு முந்தின நாள் ஒரே வீடியோவில் மொத்த யூனிட்டையும் பார்ப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பிடிஎஃப், ஜெராக்ஸ் கடை நோட்ஸ்... இதெல்லாம் இப்போது சகஜம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்ட்டும் சில நிமிட வேலையாகிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், எழுதும்போது வராது. 2006-ல் அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு தரப்பு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு தரப்பு படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56% நினைவில் இருந்தது. மற்றவர்களுக்கு 42% தான்.

ஏஐயிடம் விடையை வாங்குவதைவிட, "இந்தப் பாடத்தில் என்னிடம் 5 கேள்வி கேள்" என்று சொல்வது அதிகப் பலன் தரும். அது தரும் புத்தகப் பெயர், ஆண்டு, மேற்கோள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். இல்லாத புத்தகத்தையும் இருப்பதாகச் சொல்லும்.

ஆன்லைன் கோர்ஸுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் தளங்களில் இலவசமாகச் சேரலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். என்பிடெல்லில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தாக வேண்டும். யுஜிசியின் 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். ஆனால் உங்கள் கல்லூரி அந்தக் கோர்ஸை ஏற்றிருக்க வேண்டும். சேரும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகும் நேரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்காக 2022 செப்டம்பரில் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாதத்தில் இரண்டு, மூன்று நாள் கேட்டரிங் வேலைக்குப் போகாமல் வகுப்பில் உட்கார அது உதவும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம் என்று செமஸ்டர் பாதியிலேயே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை.
• பஸ் நேரத்தில் பாடத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் 15 நிமிடம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.
• போன் செட்டிங்ஸில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று பாருங்கள். பெற்றோரும் தங்கள் போனில் அதே எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் பேச்சை ஆரம்பிக்கலாம்.